காபியை விட்டவர்

நடத்தை மாற்ற இயக்ககம் எங்கள் ஊருக்கு வந்தது பாதாம் பூத்த மாதத்தில். அதற்கு முன்பு எங்கள் நடத்தை மாறாமலே இருந்தது என்று சொல்ல முடியாது. யாரும் அதை அளந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

இயக்ககத்தின் தலைவர் டாக்டர் வாசிஃப் தலைநகர் அம்மானிலிருந்து வெள்ளை வேனில் வந்தார். முதல் கூட்டத்திலேயே தன் கொள்கையைச் சொல்லிவிட்டார். மனிதன் தானாகத் திருந்துவதில்லை. அவனைச் சுற்றியுள்ள உறவு, நட்பு, அண்டை வீடு, கைப்பேசிக் குழு எல்லாம் சேர்ந்த வலைப்பின்னல்தான் அவனைத் திருத்துகிறது. எனவே இயக்ககம் இனி தனிமனிதர்களோடு பேசி நேரத்தை வீணாக்காது. இதைக் கேட்டு எங்கள் குலத்தின் விருந்தினர் கூடத்தில் உட்கார்ந்திருந்த அனைவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு எங்கள் வலைப்பின்னலை ஒரு படமாக வரைந்தார்கள். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி, ஒவ்வொரு உறவும் ஒரு கோடு. குலத்தலைவர் ஷேக் ஹாயில் நடுவில் தர்பூசணி அளவுக்கு வந்தார். ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லாமல் ஒரு புள்ளி நின்றது. அது தஃகாஷ், மணமாகாத ஓய்வுபெற்ற தந்தி ஊழியர். அவர் எப்படித் திருந்துவார் என்று டாக்டர் மிகவும் கவலைப்பட்டார். கடைசியில் இயக்ககத்தின் ஆணைப்படி அவருக்கு இரண்டு தற்காலிக ஒன்றுவிட்ட சகோதரர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் வாரம்தோறும் வந்து தேநீர் குடித்தார்கள், ஏணியை இரவல் வாங்கிப் போனார்கள், திருப்பித் தரவில்லை. தஃகாஷின் நடத்தை மாறியது. அவர் கதவைப் பூட்டி வைக்க ஆரம்பித்தார்.

இயக்ககத்தின் பெரிய கண்டுபிடிப்பு ஜாஹா. பெண் கேட்கவோ சண்டையைத் தீர்க்கவோ ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போவதை நாங்கள் அப்படிச் சொல்வோம். வீட்டுக்காரர் காபி தருவார். வந்தவர்களின் தலைவர் அதைக் குடிக்காமல் கீழே வைப்பார். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார். குடிக்காமல் எழுந்து போய்விட்டால் அந்த வீட்டின் மானம் போயிற்று. அதனால் எங்கள் நினைவுக்கு எட்டியவரை யாரும் குடிக்காமல் போனதில்லை.

டாக்டர் இதை ஒரு நிச்சயதார்த்தத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது கண் கலங்கினார்.

"உலகம் பூரா ஆராய்ச்சி பண்றவங்க தேடிக்கிட்டிருக்கிற கருவி இது. நீங்க இதைப் போய்ப் பொண்ணு கேக்க வீணாக்கிட்டு இருக்கீங்க."

அன்றிலிருந்து வீணாக்குவது நின்றது. முடிவெட்டும் காலிப் என்பவர் புகைப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒரு ஜாஹா போயிற்று. போனவர்கள் உள்ளே நுழைவதற்கு முன் அவர் வாசலில் நின்று கடைசியாக ஒரு சிகரெட் பிடித்து முடித்தார்கள். காலிப் வாக்குக் கொடுத்தார். அதன்பின் தன் கடையில் புகைப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்து மருந்துக்கடையில் போய்ப் புகைத்தார். அறிக்கையில் அது 'இடம் சார்ந்த முன்னேற்றம்' என்று வந்தது. சீட் பெல்ட் போடச் சொல்லிக் கேட்க ஒரு ஜாஹா போனபோது, ஊர்வலமாகச் சென்ற கார்களின் ஜன்னல்களில் இளைஞர்கள் உட்கார்ந்து கொடி அசைத்துக்கொண்டு போனார்கள். ஜாஹாக்கள் அதிகமாகி எல்லோருக்கும் நெஞ்செரிச்சல் வந்தபோது, காபியைக் குறைக்கச் சொல்லியும் ஒரு ஜாஹா போயிற்று. வீட்டுக்காரர் சம்மதித்தார். அந்த மகிழ்ச்சியில் எல்லோரும் இரண்டு சுற்றுக் குடித்தார்கள். இயக்ககத்தின் அத்தனை அறிக்கைகளிலும் பூஜ்யம் என்று வந்த ஒரே வரி 'காபியைக் கைவிட்டோர்' என்பதுதான்.

வழக்கத்தில் ஒரே ஒரு திருத்தத்தை டாக்டர் கொண்டுவந்தார். தலைவரின் கோப்பையை மட்டும் கீழே வைத்தால் மற்றவர்களின் தனிப்பட்ட ஈடுபாடு பதிவாகாமல் போகிறது. எனவே இனி ஆளுக்கு ஒரு தாள் கோப்பை, அதில் இரண்டு கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் இயக்ககத்தின் சின்னம். எல்லோரும் சேர்ந்து கீழே வைப்பது, எல்லோரும் சேர்ந்து எடுப்பது.

இந்த ஜாஹாக்களில் எல்லாம் கதவோரம் உட்கார்ந்திருந்தவர் முஃப்லிஹ். தண்ணீர் லாரி ஓட்டுபவர். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வாரத்தில் ஒரு நாள்தான் வரும். மற்ற நாட்களுக்கு முஃப்லிஹ்தான் வர வேண்டும். சந்துகளில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று அவர் வீட்டுக்கும் ஒரு ஜாஹா போயிருந்தது. அவர் வாக்குக் கொடுத்தார், கொடுத்தபடியே அடிக்காமல் இருந்தார். தண்ணீர் வந்தது தெரியாமல் ஊரே அவரைத் திட்டியது. பிறகு ஷேக் ஹாயில் அவரை வாக்கிலிருந்து விடுவித்தார். இயக்ககத்துக்குக் கொடுத்த வாக்கை அப்படியே நடத்திக் காட்டியவர் ஊரில் அவர் ஒருவர்தான். அதனால் அவரைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லை.

அவருக்கு ஒரே மகள், லுஜைன். மகன் இல்லாததால் ஊர் அவரை மகள் பெயராலேயே அபூ லுஜைன், அதாவது லுஜைனின் அப்பா, என்று கூப்பிட்டது. அவள் செவிலியர் படிப்பில் இரண்டாம் வருடம். ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுபவர் வீட்டுத் தொட்டி மட்டும் காய்ந்து கிடக்கிறது என்று கேலி செய்வாள். அப்பா தெருவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் மொட்டை மாடியில் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பாள். "நிரம்பிச்சா?" என்று அவர் கத்துவார். "இன்னும் இல்ல பாபா" என்று மேலிருந்து பதில் வரும். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு அது பள்ளிவாசல் பாங்கு ஓசை மாதிரிப் பழகிப் போயிருந்தது.

கோடையில் இயக்ககம் தன் பெரிய வேலையைக் கையில் எடுத்தது. திருமணங்களில் வானத்தை நோக்கிச் சுடுவதை நிறுத்துவது. படத்தின் மிகப் பெரிய புள்ளி ஷேக் ஹாயில் என்பதால் அவரையே நடத்தைத் தூதராக நியமித்தார்கள். கழுத்தில் ஒரு பட்டை போட்டார்கள். அவர் கூடத்தில் எழுந்து, இனி நம் குலத்தில் ஒரு தோட்டாவும் வெடிக்காது என்றார். எல்லோரும் கைதட்டினோம். அவர் மகன் தைசீரின் திருமணமே முன்மாதிரித் திருமணம் என்று முடிவாயிற்று. 'தோட்டா இல்லாத திருமணம்' என்று தெருவின் குறுக்கே துணி கட்டினார்கள். டாக்டர் வாசிஃபுக்கு முன்வரிசையில் நாற்காலி.

அன்று மாலை வெயில் சாயும் நேரத்தில் மணமகளின் கார் சந்துக்குள் திரும்பியது. யாரோ சுட்டார்கள். எப்போதும் ஒரு திருமணத்தில் காது அடைத்துப்போகும் அளவுக்குச் சுடுவார்கள். அன்று சில முறைதான். டாக்டர் பின்பு இதைப் 'பெரும் சரிவு' என்று எழுதினார். அதில் பொய் இல்லை.

அது குழாய்த் தண்ணீர் வரும் நாளும்கூட. தண்ணீரின் வேகம் போதாமல், முஃப்லிஹ் தன் வீட்டு வாசலில் லாரியை நிறுத்திச் சொந்தத் தொட்டிக்கே தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். "நிரம்பிச்சா?" என்று கேட்டார். பதில் இல்லை. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை போலும் என்று நினைத்து இன்னொரு தரம் கேட்டார். பிறகு தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரில் இறங்கி வர ஆரம்பித்தது. அது தெளிந்த தண்ணீராக இல்லை. அவர் மேலே ஏறினார்.

திருமணத்தில் கைப்பேசியில் படம் பிடிக்காதவர்கள் யாரும் இல்லை. ஷேக் ஹாயில் குலத்தின் குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: போன பிள்ளையின் மரியாதை கருதி எல்லாப் படங்களையும் அழித்துவிடுங்கள். மாலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வருவதற்குள் ஊரில் ஒரு கைப்பேசியிலும் அந்தத் திருமணம் இல்லை. டாக்டர் வாசிஃப் அம்மானுக்குப் போன் செய்து, நடத்தை மாற்றம் இவ்வளவு வேகமாக நடந்து தான் எங்கும் பார்த்ததில்லை என்று சொன்னதைப் பக்கத்தில் நின்ற பலர் கேட்டார்கள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். தன் கைப்பேசியிலிருந்த படங்களையும் அழித்திருந்தார்.

போலீஸ் கோப்பில் 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதினார்கள். சந்தேகத்தின் பேரில் ஷேக் வீட்டு ஆண்கள் அனைவரின் பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

துக்க நாட்களில் ஊர் முழுவதும் முஃப்லிஹ் வீட்டில்தான் இருந்தது. தட்டுத் தட்டாகச் சோறும் ஆட்டிறைச்சியும் வந்தன. எல்லோரும் அழுதார்கள். அது நடிப்பில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பாதிப் பேர் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள்.

துக்கம் முடிந்து முஃப்லிஹ் மறுபடி லாரியை எடுத்தார். ஒவ்வொரு வீட்டிலும் தொட்டி நிரம்பும்வரை ஒரே கேள்வியைக் கேட்டார். அன்றைக்கு யார் சுட்டது? கோபமில்லாமல், மணி என்ன என்று கேட்பதுபோலக் கேட்டார். அந்த நேரம் பார்த்துத் தான் கழிவறையில் இருந்ததாக ஒருவர் சொன்னார். அடுத்தவரும் அதையே சொன்னார். ஷேக் வீட்டில் இருப்பது ஒரே கழிவறை. முஃப்லிஹ் விசாரித்தவரை, மணமகள் வந்து இறங்கியபோது எங்கள் குலத்தின் ஆண்களில் பெரும்பகுதி அதற்குள்தான் இருந்திருக்கிறது.

அவர் மனைவி இப்திசாம் பெண்களிடம் கேட்டார். பெண்களின் குழுவில் அதற்கு அழும் முகங்கள் வந்தன, இதயங்கள் வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. அவரைக் குழுவிலிருந்து யாரும் நீக்கவில்லை. அப்படி நீக்குவது மரியாதை இல்லை. அவர் இல்லாத இன்னொரு குழுவைத் திறந்துகொண்டார்கள்.

இலையுதிர் காலத்தில், போலீஸ் கோப்பை மூட வேண்டும், அதற்கு முஃப்லிஹ் தன் உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்று பேச்சு வந்தது. அவர் போடவில்லை. யாரும் அவரை அதட்டவில்லை. ஒரு வீட்டில் தொட்டியில் விரிசல் என்று தண்ணீரை நிறுத்தினார்கள். இன்னொரு வீட்டில் பக்கத்து ஊர் லாரிக்காரர் மருமகனின் நண்பர், அவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்றார்கள். அவர் லாரி நிறைந்த தண்ணீரோடு காலையில் புறப்பட்டு, அதே தண்ணீரோடு மாலையில் திரும்பியது. சொந்த வீட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏறும்போது யாரும் மேலே போய்ப் பார்ப்பதில்லை. வழிந்து சுவரில் இறங்கும். அண்டை வீட்டார் பார்த்தும் சொல்வதில்லை.

டாக்டர் வாசிஃப் அவரை நேரில் பார்க்க வந்தார். முஃப்லிஹ் 'எதிர்ப்பு நிலை'யில் இருப்பதாகவும், அது இயல்பானது என்றும், யாரும் தவறாக நினைக்கவில்லை என்றும் விளக்கினார். ஊர் தண்ணீர் வாங்காமல் இருப்பது தண்டனை அல்ல, அது வலைப்பின்னலின் மென்மையான நினைவூட்டல். முஃப்லிஹ் கடைசிவரை கேட்டார்.

"எனக்குக் காசு வேணாம் டாக்டர். ஜெயிலும் வேணாம். யாருன்னு மட்டும் தெரியணும். நான் தண்ணி ஊத்துற வீட்ல எந்த வீடுன்னு தெரியணும்."

"அபூ லுஜைன், அறிவியல்படி பார்த்தா அந்தக் கேள்வியே தப்பு. தனி ஆள்னு ஒருத்தன் கிடையாது. ஒருத்தன் கையில துப்பாக்கி இருந்திருக்கலாம். ஆனா சுட்டது வலைப்பின்னல்."

முஃப்லிஹ் நிமிர்ந்து பார்த்தார்.

"செத்தது மட்டும் தனி ஆளா?"

டாக்டர் எழுந்துகொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜாஹா வரும் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

வாசலுக்கு வந்த விருந்தினரைத் திருப்பி அனுப்ப எங்களில் யாராலும் முடியாது. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் குலம் முழுவதும் முஃப்லிஹ் வீட்டு முற்றத்தில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்தது. அவர் லாரியைத் தெருமுனைக்குத் தள்ளி நிறுத்தி இடம் செய்திருந்தார். இப்திசாம் காலையிலிருந்தே காபி காய்ச்சியிருந்தார். தாள் கோப்பைகளை இயக்ககம் கொண்டுவந்திருந்தது. ஊற்றி முடித்ததும் எல்லோரும் ஒன்றாகக் காலடியில் கீழே வைத்தோம்.

ஷேக் ஹாயில் எழுந்தார். கழுத்தில் தூதர் பட்டை இருந்தது. லுஜைன் தன் மகள் மாதிரி என்றார். குரல் உடைந்தது. குலம் ஒரே உடம்பு என்றும், ஒரு விரலில் வலி என்றால் உடம்பெல்லாம் காய்ச்சல் என்றும் சொன்னார்.

"இந்தக் கோப்பு மூடாம இருக்கிறதால எத்தனை பேருக்குக் கஷ்டம்னு பாரு, அபூ லுஜைன். என் தைசீர் கல்யாணம் ஆகி இவ்வளவு நாளாச்சு. பாஸ்போர்ட் இல்லாம ஒரு இடத்துக்கு அந்தப் பொண்ணைக் கூட்டிட்டுப் போக முடியல. அதுவும் உனக்கு மக மாதிரிதான். சின்னஞ்சிறுசுங்க. அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

பிறகு வழக்கப்படி, கேட்டது கிடைத்தால்தான் காபியைக் குடிப்போம் என்று சொல்லி உட்கார்ந்தார்.

முஃப்லிஹ் எழுந்து நின்றார். எங்கள் எல்லோருடைய முகத்தையும் வரிசையாக ஒரு தரம் பார்த்தார்.

"தாளைக் கொடுங்க மாமா, கையெழுத்துப் போடறேன். ஒண்ணே ஒண்ணு. இப்ப எல்லாருக்கும் தனித்தனிக் கோப்பை இருக்கு. சுட்டவர் முதல்ல எடுத்துக் குடிக்கட்டும். அவர் குடிச்சதும் மத்தவங்க குடிங்க. நான் போலீஸுக்குப் போக மாட்டேன். என் வாக்கு எப்படின்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் வாக்கு எப்படி என்று எங்களுக்குத் தெரியும். யாரும் அசையவில்லை. காபியின் மேல் வந்த ஆவி கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. சமையலறை ஜன்னலில் இப்திசாமின் கை தெரிந்தது. ஷேக் ஹாயில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடப்பக்கமும் பார்க்கவில்லை, வலப்பக்கமும் பார்க்கவில்லை. பார்த்தால் தலையைத் திருப்பிய பக்கத்தில் ஒருவர் இருப்பார் என்பதால் முற்றத்தில் யாருமே யாரையும் பார்க்கவில்லை.

டாக்டர் வாசிஃப் எழுந்தார்.

"அபூ லுஜைன் சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம். ஒருத்தரை மட்டும் தனியா முன்னால நிறுத்தறது நம்ம பண்பாடு இல்ல. இது வரைக்கும் நாம எதைச் செஞ்சாலும் சேர்ந்துதான் செஞ்சிருக்கோம். இதையும் சேர்ந்தே செய்வோம். நான் மூணு எண்ணறேன்."

எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று.

முற்றம் முழுவதும் கைகள் எழுந்தன. எல்லாக் கோப்பைகளும் ஒரே நேரத்தில் முகங்களை மறைத்தன. அந்த ஒரு கணம் முஃப்லிஹுக்கு எதிரே முகங்களே இல்லை, ஒன்றையொன்று பிடித்திருக்கும் கைகளின் படம் மட்டும் வரிசையாக இருந்தது. பிறகு கோப்பைகள் இறங்கின.

சுட்டவர் குடித்துவிட்டார் என்பதில் சந்தேகம் இல்லை. மூன்று எண்ணப்பட்டபோது குடித்தவர்களில் அவரும் ஒருவர். எனவே முஃப்லிஹ் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். டாக்டர் படம் எடுத்தார். பங்கேற்பு நூறு சதவீதம் என்று அறிவித்தார். வெளியே போகும்போது எல்லோரும் முஃப்லிஹைக் கட்டித் தழுவி இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்கள். அவர் ஒவ்வொருவரையும் திருப்பித் தழுவினார். யாரை மட்டும் தழுவாமல் விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு இப்திசாம் முற்றத்துக்கு வந்து கோப்பைகளைப் பொறுக்கி ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். ஒரு வரிசையின் ஓரத்தில் கிடந்த ஒன்று அடுக்கில் நுழையவில்லை. நிரம்பியிருந்தது. ஆறிப்போய், மேலே ஒரு மெல்லிய ஏடு கட்டியிருந்தது.

"இங்க யார் உக்காந்திருந்தா?"

முஃப்லிஹுக்குத் தெரியவில்லை. அங்கே நாற்காலிகள் கலைந்து கிடந்தன.

"அவன்தான்," என்றார் முஃப்லிஹ். "அவனால குடிக்க முடியல."

இப்திசாம் கோப்பையைச் சிந்தாமல் கையில் எடுத்தார்.

"இல்ல. அவன் குடிச்சிருப்பான். அவ்வளவு பேருக்கு நடுவுல அவனுக்குக் குடிக்கிறது கஷ்டமே இல்ல. இது வேற யாரோ. நம்ம பக்கம் ஒருத்தர் இருந்திருக்கார்."

"அப்ப ஏன் சொல்லல?"

இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து அந்தக் கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டார்கள். அவனாக இருந்தால் கொட்டிவிட வேண்டும், மற்றவராக இருந்தால் கொட்டக் கூடாது. அது எவ்வளவு நாள் அப்படியே ஜன்னல் விளிம்பில் இருந்தது என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலையே தண்ணீர் கேட்டுப் போன்கள் வந்தன. விரிசல் விட்ட தொட்டிகள் எல்லாம் சரியாகியிருந்தன. இப்திசாமைப் பெண்கள் தங்கள் புதிய குழுவில் சேர்த்துப் பூக்கள் அனுப்பினார்கள். தைசீரின் மனைவி கடலோரத்திலிருந்து படங்கள் போட்டாள். குளிர்காலத்தில் வேறொரு வீட்டுத் திருமணம் நடந்தது. முன்மாதிரி என்று துணி எதுவும் கட்டாததால் வழக்கம்போலச் சுட்டார்கள்.

முஃப்லிஹ் இப்போது எல்லா வீடுகளுக்கும் போகிறார். தண்ணீர் ஏறும்போது வீட்டுக்காரர்கள் வாசலுக்குக் காபி கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அவர் கோப்பையைப் பார்ப்பதில்லை, நீட்டுபவரின் முகத்தைப் பார்க்கிறார். இவனா, அல்லது அந்த ஒருவரா? வெகுநேரம் பார்த்துவிட்டு, வேண்டாம் என்கிறார். ஷேக் வீட்டிலும் வேண்டாம், தஃகாஷ் பூட்டைத் திறந்து தானே காய்ச்சித் தந்தபோதும் வேண்டாம் என்றார். வீட்டிலும் அவர் குடிப்பதில்லை. இது டாக்டர் வாசிஃபின் காதுக்குப் போயிற்று. இயக்ககத்தின் ஆண்டறிக்கையில் பூஜ்யமாகவே இருந்த அந்த வரி இவ்வருடம் திருத்தப்பட்டிருக்கிறது: 'சமூக வலைப்பின்னலின் செல்வாக்கால் காபியைக் கைவிட்டோர்: ஒருவர்.'

லாரி வரும்போது ஹாரன் கேட்கிறது. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. மொட்டை மாடியைப் பார்த்து அவர் எதையும் கேட்பதில்லை. தொட்டி நிரம்பி, தண்ணீர் வழிந்து, சுவரில் இறங்கித் தன் காலடிக்கு வரும்வரை காத்திருக்கிறார். அது தெளிந்த தண்ணீர்தானா என்று குனிந்து பார்த்த பிறகுதான் குழாயை மூடுகிறார்.